முதுகுக்கு ஊசி, உள்ளே காசநோய்: கம்பம் மெட்டு ஜீப் ஓட்டுநர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

28 வயது ஆண். ஜீப் ஓட்டுநர். ஆறு வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, கழுத்தின் வலப்பக்கம் ஒரு கட்டி. எடை 55 கிலோவிலிருந்து 49-க்கு இறங்கியிருந்தது. இருமல் பெயருக்குத்தான். நவம்பர் கடைசியில் அம்மாவோடு வந்தார். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். அம்மா கொண்டுவந்த துணிப்பையில் இருந்த சீட்டுகளைப் புரட்டியபோதுதான், ஜூன் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் 40 மி.கி. ஊசி போட்டு வருகிறார் என்பது தெரிந்தது. "அது முதுகுக்குப் போடுற ஊசி சார், காய்ச்சலுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" என்று அவர் கேட்டதில் தவறே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புரதம். அதன் பெயர் டிஎன்எஃப்.

நம் உடம்பின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேதிப் புரதங்களைச் சைட்டோகைன் என்கிறோம். அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்களில் முன்வரிசையில் நிற்பது டிஎன்எஃப் ஆல்ஃபா. இந்த நோயாளியிடம் அது மிகுந்தபோது என்ன நடந்தது, அதைக் கட்டிப்போட்டபோது என்ன நடந்தது, அவிழ்த்துவிட்டபோது என்ன நடந்தது என்று மூன்றையும் ஒரே ஆளிடம், ஒரு வருடத்துக்குள் பார்க்க முடிந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

முதுகு

கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம், கூடலூர், போடி பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஏறிக்கொள்ள, கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரம் திரும்புவார்கள். இவர் வண்டன்மேடு பக்கம் ஓட்டுகிறவர். முதுகு வலி ஆரம்பித்தது 23 வயதில். கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று வீட்டிலும் சொன்னார்கள், ஸ்டாண்டிலும் சொன்னார்கள், சில டாக்டர்களும் சொன்னார்கள்.

ஆனால் அவர் சொன்ன வலியின் போக்கு வேறு. "ஓட்டுறப்பகூட பரவாயில்ல சார். படுத்தாத்தான் சாகடிக்குது." இரவு மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நடப்பாராம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டையாக இருக்கும், நடக்க நடக்க இளகும். வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வலி அதிகம். இரண்டு குதிகாலிலும் வலி. நடுவில் ஒருமுறை இடது கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, சொட்டு மருந்தில் சரியாகியிருக்கிறது.

ஓய்வில் கூடி, அசைவில் குறையும் முதுகு வலி, 40 வயதுக்குள் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை வண்டியின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. எலும்பு தேய்மானத்திலும் தசைப்பிடிப்பிலும் படுத்தால் வலி குறையும். அழற்சியால் வரும் முதுகு வலியில் படுத்தால் கூடும். ஐந்து வருடம் கழித்து மதுரையில் ஒரு வாதநோய் நிபுணர் பார்த்து, இடுப்பு மூட்டுகளுக்கு எம்ஆர்ஐ எடுத்து, இந்த நோயோடு தொடர்புடைய மரபணு அடையாளமான எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்று கண்டு, அன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் (முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாதம்) என்று பெயர் வைத்தார். அப்போது ரத்தத்தில், அழற்சி கூடினால் கூடும் சிஆர்பி என்ற புரதம் லிட்டருக்கு 38 மி.கி. இருந்தது. வலி மாத்திரைகளில் இரண்டு வகையை மாற்றி மாற்றி முழு அளவில் கொடுத்தும், உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தும் போதவில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் முதுகெலும்பில் வேலை செய்வதில்லை. அடுத்த படி அடாலிமுமாப் போன்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசிதான். முடிவு சரியானது.

இந்த ஊசியின் கதை 1980-களின் கடைசியில் லண்டன் கென்னடி இன்ஸ்டிட்யூட்டில் தொடங்குகிறது. மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்வை ஆய்வகத்தில் வளர்த்து, டிஎன்எஃப் ஒன்றை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். மற்ற அழற்சி சைட்டோகைன்களும் சேர்ந்து இறங்கின. அதாவது பலர் கூச்சல் போடும் இடத்தில் முதலில் குரல் கொடுப்பது இதுதான் என்று தெரிந்தது. 1992-ல் 20 நோயாளிகளுக்கு முதன்முதலாக டிஎன்எஃப்-புக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னால் இன்ஃப்ளிக்சிமாப், எட்டனர்செப்ட், 2002 கடைசியில் அடாலிமுமாப் என்று வரிசையாக அனுமதி கிடைத்தது. அடாலிமுமாபின் முதல் பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த மாற்றுத் தயாரிப்பு) 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. விலை இறங்கியது. ஒரு ஜீப் ஓட்டுநர் இந்த ஊசியைப் பற்றி யோசிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது ஊசியிலேயே அவருக்குப் புரண்டு படுக்க முடிந்தது. ஐந்து வருடத்தில் முதன்முறையாக விடியும்வரை தூங்கினார். இரண்டு மாதத்தில் சிஆர்பி 6-க்கு வந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் வந்த காசநோயைப் பார்த்துவிட்டு, ஊசியே போட்டிருக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நோயில் முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கில்போல இறுகி, முப்பத்தைந்து நாற்பது வயதில் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்க முடியாத நிலை வரலாம். ஓட்டுநருக்கு அதோடு பிழைப்பு போய்விடும்.

காய்ச்சல்

அக்டோபரில் காய்ச்சல் தொடங்கியபோது ஊரெங்கும் காய்ச்சல் காலம். முதலில் டெங்கு பார்த்தார்கள், இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர், புதரும் செடியும் உள்ள இடம் என்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து டாக்சிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அது நியாயமான சந்தேகம்தான். சிகரெட் சுட்ட மாதிரி கருத்த புண் உடம்பில் எங்கேயும் இல்லை. ஸ்க்ரப் டைபஸாக இருந்தால் டாக்சிசைக்ளினில் இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டிருக்கும். விடவில்லை. நடுவில் டைபாய்டுக்கு ஒரு கோர்ஸ். இதற்கிடையில் அடாலிமுமாபும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதுகு நன்றாக இருந்ததால் அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கோ ஊசி போடுவதே தெரியாது.

எங்களிடம் வந்தபோது நிலை இதுதான்: மாலையில் காய்ச்சல் 101 முதல் 102 டிகிரி. கழுத்தில் இரண்டு செ.மீ. அளவில் ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று நெறிகள், அழுத்தினால் வலி இல்லை. வயிறு லேசாக உப்பியிருந்தது. ஹீமோகுளோபின் 9.8, சோடியம் 128, சிஆர்பி 92, ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடுதல். எச்ஐவி இல்லை, சர்க்கரை இல்லை. மார்பு எக்ஸ்ரேயை முதலில் பார்த்தவர் நார்மல் என்று எழுதியிருந்தார். நானும் லைட் பாக்ஸில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது.

சிடி ஸ்கேன் வேறு கதை சொன்னது. இரண்டு நுரையீரலிலும் மேலிருந்து கீழ்வரை தினை தூவியதுபோலப் பொடிப் புள்ளிகள். வயிற்றில் நெறிகட்டிகள், கொஞ்சம் நீர், லேசாக வீங்கிய கல்லீரல், மண்ணீரல். கழுத்து நெறியில் ஊசி குத்தி எடுத்த திரவத்தில் கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் சிபிநாட் சோதனை காசநோய்க் கிருமியைக் காட்டியது. முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. கண் டாக்டர் பாப்பாவை விரித்துப் பார்த்ததில் வலது கண்ணின் உள்படலத்தில் மஞ்சளாக, விளிம்பு மங்கிய இரண்டு புள்ளிகள் இருந்தன. கிருமி ரத்தத்தில் கலந்து பரவியிருக்கிறது என்பதற்கு நேராகப் பார்க்கக் கிடைக்கும் சாட்சி அது. இப்படி ரத்தம் வழியாகப் பொடிப் புள்ளிகளாகப் பரவும் மிலியரி காசநோய் என்று சந்தேகம் வந்தால் கண்ணைப் பார்க்கச் சொல்வதை யாரும் விட்டுவிடக் கூடாது. செலவு இல்லாத சோதனை. பார்வையைப் பாதிக்கக்கூடிய எத்தாம்புடால் என்ற காசநோய் மருந்தைத் தொடங்கும் முன் எப்படியும் பார்வையைச் சோதிக்கத்தான் வேண்டும். முதுகுத்தண்டு நீரும் மூளை எம்ஆர்ஐ-யும் நார்மலாக இருந்தது பெரிய நிம்மதி.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது நோய்க்கூறு நிபுணரின் ரிப்போர்ட். கழுத்து நெறியில் அமிலம் தாங்கும் பாசில்லி, அதாவது காசநோய்க் கிருமி, ஏராளம் என்று எழுதியிருந்தார். கிருமியைச் சூழ்ந்து செல்கள் கட்டும் கிரானுலோமா "சிதறலாக, சரியாக உருவாகாமல்" இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். வழக்கமான காசநோய் நெறிகட்டியில் இது தலைகீழாக இருக்கும். கிரானுலோமா அழகாகத் திரண்டிருக்கும், கிருமியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தச் சிறு கட்டியைக் கட்டுவது யார்

காசநோய்க் கிருமி மூச்சுக் காற்றோடு உள்ளே போனதும் நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கினால் சாகிற கிருமி அது இல்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அந்தச் செல் டிஎன்எஃப்-பை வெளியிடுகிறது. மூன்று துண்டுகள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. முதலில் செல்லின் மேல்தோலில் ஒட்டியிருக்கும், பிறகு ஒரு நொதி அதை வெட்டி வெளியே விடும். ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. பக்கத்து ரத்தக் குழாயின் உள்சுவர் டிஎன்எஃப் பட்டதும் பிசுபிசுப்பாகி, ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. அவை குழாயை விட்டு வெளியே இறங்கி, கிருமி இருக்கும் இடத்துக்குப் போகின்றன. மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் அடுக்கடுக்காகச் சூழ்ந்து ஒரு சின்னக் கட்டியைக் கட்டுகின்றன. அதுதான் கிரானுலோமா. தோட்டத்தில் ஆளைக் கூட்டிவந்து, நிறுத்தி, வேலை முடியும்வரை கலையாமல் பார்த்துக்கொள்ளும் கங்காணியின் வேலைதான் இங்கே டிஎன்எஃப்-புக்கு.

கலையாமல் பார்த்துக்கொள்வது என்பதுதான் முக்கியம். கிரானுலோமா ஒருமுறை கட்டிவிட்டால் தானாக நிற்காது. உள்ளே இருக்கும் கிருமி பல வருடம் சாகாமல் இருக்கும், வெளியே இருக்கும் செல்களை டிஎன்எஃப் தொடர்ந்து அங்கே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். டிஎன்எஃப் ஏற்பி இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தால் அவை தாக்குப்பிடிப்பதில்லை. மனிதர்களில் இது வெளிப்படையானது 2001-ல். இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை ஒரு அமெரிக்க ஆய்வு தொகுத்தது. நடுமதிப்பாகப் பார்த்தால் 12 வாரத்திலேயே வந்திருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் நோய் இருந்தது. இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பரவலாக வருவது புதுத் தொற்று போலத் தெரியவில்லை. பழைய கிருமியைக் கட்டிவைத்திருந்த வேலி அவிழ்ந்ததன் அடையாளம் அது.

நம் நோயாளியின் எக்ஸ்ரே ஏன் சுத்தமாக இருந்தது என்பதும் இங்கேதான் புரியும். காசநோயில் நாம் படத்தில் பார்ப்பது கிருமியை இல்லை, கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பை. அந்த எதிர்ப்பைக் கிளப்பும் கையைக் கட்டிவிட்டால் நிழலும் மங்கும், இருமலும் குறையும். மருந்து நோயை வரவும் விடுகிறது, வந்தது தெரியாமலும் மறைக்கிறது.

டிஎன்எஃப் கூடினால் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணன் (நோபல் பரிசு பெற்ற வேங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) ஜீப்ரா மீன் குஞ்சுகளில் இதைக் கண்ணாடிபோலக் காட்டினார். அந்தக் குஞ்சுகளின் உடம்பு ஒளி ஊடுருவக்கூடியது, உள்ளே செல்கள் நகர்வதை உயிரோடு பார்க்கலாம். டிஎன்எஃப் குறைந்தாலும் மேக்ரோஃபேஜ் வெடித்துக் கிருமி வெளியே கொட்டுகிறது, மிகுந்தாலும் செல்லின் மைட்டோகாண்ட்ரியா நஞ்சாகி அது வெடித்துக் கிருமி வெளியே கொட்டுகிறது. 1985-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பியூட்லரும் அந்தோணி செராமியும் நீண்ட நாள் நோயில் உடம்பை உருக்கும் ஒரு பொருளைத் தேடிப் போய், கண்டுபிடித்தது இதே டிஎன்எஃப்-பைத்தான். பத்து வருடம் முன்பு, 1975-ல், நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு புற்றுக் கட்டியைக் கருக வைக்கும் பொருள் என்று இதைக் கண்டறிந்திருந்தது. முதுகெலும்பில் தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் மிகுந்தால் எங்கள் ஓட்டுநரைத் தூங்கவிடாத வலி. சூட்சுமம் அளவிலும் இடத்திலும்தான் இருக்கிறது. இதை நல்லது கெட்டது என்று பிரிக்கும் பேச்சு நோயாளிக்கும் உதவாது, டாக்டருக்கும் உதவாது.

சிகிச்சையும் ஏழாவது வாரமும்

அடாலிமுமாபை உடனே நிறுத்தினோம். 49 கிலோ எடைக்குத் தினமும் மூன்று கூட்டு மாத்திரை, நான்கு மருந்தும் ஒன்றில். கூடவே பைரிடாக்சின். நிக்ஷய் என்ற அரசின் காசநோயாளர் பதிவேட்டில் எண் போட்டு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்கு ஏற்பாடு. மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கையும் இணைத்தார்கள். வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்பதால் மாத்திரை எங்கே வாங்குவது என்று குழம்பியிருந்தார். நிக்ஷய் எண் நாடு முழுவதும் ஒன்றுதான், எல்லை தாண்டினால் மாறாது என்று சொன்ன பிறகுதான் நிம்மதியானார். வலிக்கு எட்டோரிகாக்சிப் வேண்டாம் என்று நாப்ராக்சன் கொடுத்தோம். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி எட்டோரிகாக்சிப்பை விரைவில் கரைத்துவிடும், மாத்திரை போட்டும் வேலை செய்யாது.

மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் விட்டது. பசி வந்தது. ஐந்தாவது வாரம் 51 கிலோ.

ஏழாவது வாரம், பொங்கல் முடிந்ததும், காய்ச்சல் திரும்பியது. கழுத்துக் கட்டி முன்பைவிடப் பெரிதாகி, மேல்தோல் சிவந்து, தொட்டால் மெத்தென்று இருந்தது. வயிற்றிலும் வலி. அம்மா பயந்துபோனார். "மருந்து கேக்கலயா சார்? மதுரைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். மாத்திரையை விட்டாரா? மருந்துக்கு அடங்காத கிருமியா? புற்றா? மூன்றையும் பார்க்காமல் அடுத்த சந்தேகத்துக்குப் போகக் கூடாது. அட்டை எண்ணிப் பார்த்தோம், ஒரு மாத்திரையும் விடவில்லை. முதலில் எடுத்த திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வந்திருந்தது, எல்லா மருந்துக்கும் கட்டுப்படுகிறது. கட்டியிலிருந்து மறுபடி சீழ் எடுத்து அனுப்பினோம். சிபிநாட் இன்னும் பாசிட்டிவ். செத்த கிருமியின் மரபுப் பொருளையும் அது காட்டும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஸ்மியரில் கிருமி ஒன்றிரண்டுதான். பின்னால் வந்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

இந்த முறை கிரானுலோமா நன்றாக, முழுசாகக் கட்டியிருக்கிறது என்று அதே நோய்க்கூறு நிபுணர் எழுதினார்.

அந்த வாரமே நோயாளி இன்னொன்றையும் சொன்னார். காய்ச்சலுக்கு நடுவில், பெரிதாக ஒன்றுமில்லை என்கிற குரலில்: "முதுகும் திரும்ப வந்திருச்சு சார். மூணு மணிக்கு முழிப்பு வந்திருது."

எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது அந்தச் சொல்லில்தான். அடாலிமுமாப் உடம்பில் பாதியாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கடைசி ஊசி போட்டு எட்டு ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அதாவது பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். கட்டு அவிழ்ந்து டிஎன்எஃப் திரும்பி வந்துவிட்டது. முதுகில் அதன் பழைய வேலையைத் தொடங்கியது. அதே நேரம், நெறிகட்டிகளில் செத்தும் சாகாமலும் குவிந்துகிடந்த ஏராளமான கிருமிகளைப் பார்த்து, மாதக்கணக்கில் செய்யாமல் விட்ட எதிர்ப்பை ஒரே மூச்சில் செய்தது. கட்டி பெரிதானது கிருமியால் இல்லை, எதிர்ப்பால். இதை முரண் எதிர்வினை என்கிறோம். எச்ஐவி நோயாளிகளுக்குக் கூட்டு மருந்து தொடங்கி எதிர்ப்புச் சக்தி மீளும்போது காசநோய் திடீரென்று மோசமாவதுபோல் தெரியுமே, கிட்டத்தட்ட அதேதான்.

முரண் எதிர்வினையை மருந்து தோல்வி என்று தவறாக எடுத்தால் தேவையில்லாமல் இரண்டாம் நிலை மருந்துகளுக்குப் போய்விடுவோம். அவற்றில் சில காதைக் கெடுக்கும், சில நரம்பைக் கெடுக்கும், நாளும் நீளலாம். எனவே காசநோய் மாத்திரையை ஒன்றுகூட மாற்றவில்லை. சீழை ஊசியால் எடுத்துவிட்டு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 40 மி.கி. தொடங்கி எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டையும் விரைவில் கரைக்கும் என்பதால் அளவு சற்றுத் தாராளமாகவே வேண்டியிருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் நின்றது. கட்டி ஒரு மாதத்தில் சுண்டியது. முதுகுக்கு ஸ்டீராய்டு பெரிதாக உதவவில்லை, இந்த நோயில் உதவுவதும் இல்லை. ஸ்டீராய்டுக்கும் அடங்காத சில நோயாளிகளுக்கு, காசநோய் மருந்தின் பாதுகாப்பில் அதே டிஎன்எஃப் தடுப்பு ஊசியைத் திரும்பக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். முதலில் கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும், மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் நியாயம் புரியும். இவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

இனி பின்னோக்கிப் போகலாம். ஊசி தொடங்கும் முன் காசநோய்க்குப் பார்த்திருந்தார்கள். எக்ஸ்ரே நார்மல். தோலில் ஊசி போட்டு எழும் தடிப்பை அளக்கும் மான்டூ சோதனை 3 மி.மீ. இந்த ஊசி போடப்போகிறவர்களுக்கு 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ் என்று எடுப்பார்கள். 3 என்பது அதற்கும் கீழே. "வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?" என்ற கேள்விக்கு இல்லை என்ற பதில் சீட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

மூன்றும் உண்மை. ஆனால் மான்டூ போட்ட காலத்தில் அவர் மெடிக்கல் ஷாப்பில் "முதுகு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தில் மடித்த மூன்று மாத்திரை. மிச்சம் இருந்ததைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று டைக்ளோஃபினாக், ஒன்று வயிற்றுக்கு, சின்னதாக இருந்த வெள்ளை மாத்திரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. முதுகுக்கு இதம் தந்தது டைக்ளோஃபினாக்தான். டெக்ஸாமெத்தசோன் செய்தது வேறு: தோலில் தெரிய வேண்டிய தடிப்பை அமுக்கியிருக்கக்கூடும். ஸ்டீராய்டு எடுப்பவரிடம் நெகட்டிவ் மான்டூவுக்குப் பொருள் குறைவு. எங்கள் பக்கம் நாள்பட்ட மூட்டு வலியோடு வருகிற யாரிடமும் "ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்வதில்லை, தெரியாது. "செட் மாத்திரை வாங்குவீர்களா, இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும்.

காசநோய் தொடர்பும் அப்படித்தான். வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனால் அவருடைய தாய்மாமா வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர், ஊசி தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பு காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போதெல்லாம் மருமகன் ஜீப்பில் முன்சீட்டில்தான் வருவார். மழைக்குத் தார்ப்பாய் இறக்கிக் கட்டிய வண்டியில் ஒன்றரை மணி நேரம். இருமல் அப்போதே இருந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும், தம்பி வேறு வீடு, வேறு மாநிலம் என்பதால் கேள்விக்குள் வரவில்லை. யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல எந்தச் சோதனையும் நாங்கள் செய்யவில்லை. காற்று ஓட்டமில்லாத இடத்தில், இருமுகிற ஒருவரோடு, மாதக்கணக்கில் என்பது தொற்றுக்குப் போதும் என்பது மட்டும் தெரியும். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உறங்கும் தொற்று இருக்கிறது என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. அப்படிப்பட்ட ஊரில் தொடர்பு இல்லை என்று சொல்வதற்கு முன் வண்டி, ஸ்டோர், லயத்து வீடு எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். 2021 தேசிய வழிகாட்டுதலில் டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுக்கப்போகிறவர்கள் காசநோய்த் தடுப்பு சிகிச்சைக்குரியவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஐசோனியாசிட் ஆறு மாதம் அல்லது வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதக் கூட்டு மருந்து. ஊசிக்கு ஒரு மாதம் முன்பாவது அது தொடங்கியிருக்க வேண்டும். ஸ்டீராய்டோடு கூடிய 3 மி.மீ.-யை நம்பாமல், மாமாவின் கதை தெரிந்திருந்தால், இவருக்கு அதைக் கொடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு

உடம்பெங்கும் பரவிய நோய் என்பதால் மாத்திரையை 9 மாதம் கொடுத்து முடித்தோம். எடை 58. கண்ணில் இருந்த புள்ளிகள் ஆறி, வெளுத்த தழும்பாக நிற்கின்றன, பார்வைக்குக் குறைவில்லை. அம்மா, மனைவி, குழந்தை மூவருக்கும் சோதனை செய்து, நோய் இல்லை என்று தெரிந்ததும் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது.

முதுகுக்கு என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. அடாலிமுமாபைத் திரும்பத் தொடங்கலாம், முழு சிகிச்சை முடிந்தவர்களுக்கு அது தடை இல்லை. எட்டனர்செப்டில் காசநோய் ஆபத்து அடாலிமுமாப் போன்ற ஆன்டிபாடி ஊசிகளைவிடக் குறைவு. ஆனால் கண் சிவப்பைத் தடுக்க அது அவ்வளவாக உதவாது, இவருக்கோ ஒருமுறை வந்திருக்கிறது. இன்னொரு வழி ஐஎல்-17 என்ற வேறொரு சைட்டோகைனைத் தடுக்கும் செகுகினுமாப். முதுகெலும்பு வாதத்தில் நன்றாக வேலை செய்கிறது. கிரானுலோமாவைத் தாங்கிப் பிடிப்பதில் ஐஎல்-17-க்கு டிஎன்எஃப் அளவு பங்கு இருப்பதாகத் தெரியவில்லை, ஆய்வுகளிலும் உறங்கிய காசநோயைக் கிளப்பியதாகப் பெரிதாகக் காணவில்லை. மதுரை நிபுணரோடு பேசி அதையே தேர்ந்தெடுத்தோம். முதல் ஐந்து ஊசி வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று, 150 மி.கி. வீதம். கண்ணில் சிவப்போ கூச்சமோ வந்தால் அன்றே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாயில் வெள்ளைப்படலம், நீடித்த வயிற்றுப்போக்கு இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னோம், ஐஎல்-17-ஐத் தடுத்தால் வரக்கூடியவை அவை. ஸ்டாண்டில் யார் முதுகு வலி என்றாலும் இப்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, படுத்தால் குறைகிறதா கூடுகிறதா என்பதுதானாம். அப்படி அவர் அனுப்பிய ஒரு ஓட்டுநர் போன மாதம் வந்தார். எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்கிறேன். செட் மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.